முதல் மணிக்கே எடுக்கிற ஆள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியை நான் கேட்கவில்லை. ஆபீஸ் பார்க்கும் கஸ்தூரி என் மேஜையில் போட்டுவிட்டுப் போனாள். போன் வரும்போது திரையில் என்ன நம்பர் காட்டியது, உண்மையில் பேசியது யார், எத்தனை மணிக்கு என்று தினமும் எழுத வேண்டுமாம். ஈரோட்டு மெக்கானிக் வந்தால் காட்டுவதற்காக. ஆறாவதோடு நின்றவன் எழுதினால் அவனுக்குப் புரியுமா என்றேன். நம்பர் எழுத ஆறாவது போதும் என்கிறாள். பொம்பளைக்கு வாய் அதிகம். நான் வளர்த்துவிட்ட வாய்தான்.

எங்களுடையது திருச்செங்கோட்டில் போர்வெல் ஆபீஸ். ஏழு ரிக் வண்டி. ஒன்றும் ஊரில் நிற்காது, ராய்ச்சூர், ராய்ப்பூர் என்று எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். நானும் முப்பது வருடம் வண்டியில் போனவன். முழங்கால் கெட்டதும் முதலாளி நல்லசிவம் என்னைப் போனுக்கு முன்னால் உட்கார வைத்தார். சுவரில் ஒரு பெட்டி, அதிலிருந்து எட்டு போன். வெளியில் இருந்து வருகிற கால் முதலில் என் மேஜையில் அடிக்கும். யார் என்று கேட்டு உள்ளே கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் இந்த நம்பர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. அதனால் நம்பரை மாற்றவும் முடியாது.

இரண்டு மாதமாகத் திரை பொய் சொல்கிறது. இன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ராய்ச்சூர் வண்டி ஃபோர்மேன் பேசினான். நானூறு அடியில் துளைக்கிற சுத்தியல் மாட்டிக்கொண்டது என்றான், லைன் அறுந்துவிட்டது. திரையில் இருந்த நம்பருக்கு நான் திருப்பிப் போட்டேன். "ஏப்பா, வெளிய வந்துருச்சா, இன்னும் உள்ளயே மாட்டிட்டிருக்குதா?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு அம்மா, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்றார். பிரசவ ஆஸ்பத்திரி. காலையில் நான் வருவதற்குள் கஸ்தூரியிடம் போர் போட விசாரித்தவர்கள்.

கஸ்தூரி சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. அந்த ஃபோர்மேன் திரும்பக் கூப்பிடுவதற்கு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, அதுவரை வண்டி சும்மா நின்றது.

ஜூன் 4, புதன்

11.05. திரையில் குப்பண்ணன் நம்பர்.

குப்பண்ணன் எதிர்ச் சாரியில் டயர் கடை வைத்திருப்பவன், என் மச்சான் முறை. அவன்தான் என்று தெரிந்தால் நான் கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். "மயானமுங்க. எத்தன மணிக்கு எடுக்கறீங்க?" என்பேன். "உன்னையத்தான், நாலு மணிக்கு" என்பான். பதினைந்து வருடமாக இதே பேச்சு. இன்றும் அப்படித்தான் கேட்டேன். யாரோ மூச்சு விடுகிற சத்தம். "பொணமே பேசுதா, சொந்தக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றேன். வைத்துவிட்டார்கள்.

சாயந்திரம் கேட்டால், அவன் பத்தரைக்கு ஒருமுறை கூப்பிட்டானாம், கஸ்தூரி எடுத்தாளாம், அப்புறம் கூப்பிடவே இல்லையாம். அப்படியானால் அது யாரோ கஸ்டமர். கிணறு வற்றிப்போய்க் கூப்பிட்டவனிடம் போய் மயானம் என்றிருக்கிறேன்.

வீட்டில் பாவாயி இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரசம் வைத்தேன். தண்ணீரைவிடக் கொஞ்சம் புளிப்பாக வந்தது.

ஜூன் 6, வெள்ளி

டெலிபோன் ஆபீஸ் லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, லைன் சுத்தமாக இருக்கிறது, கோளாறு உங்கள் பெட்டியில்தான் என்றார். பெட்டி மெக்கானிக் எபனேசரைப் போனில் கூப்பிட்டால், பெட்டியில் ஒன்றும் வராது, லைனைப் பாருங்கள் என்கிறார். கெட்டுப்போன சம்பந்தத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

11.05. திரையில் முதலாளியின் மைத்துனர் நம்பர். அவரைக் கண்டால் நான் சத்தீஸ்கர் இந்தியில் பேசுவேன், அவருக்குக் கோபம் வரும். பேசினேன். மறுபடியும் மூச்சு மட்டும். பின்னால் தறி ஓடுகிற சத்தம். வைத்துவிட்டார்கள்.

மைத்துனருக்கு வீட்டில் தறி கிடையாது.

ஜூன் 9, திங்கள்

மகள் செல்வமணியிடம் பெருந்துறைக்குப் பேசினேன். ஆபீஸ் போனில்தான், எனக்குச் செல் கிடையாது.

பாவாயி மகள் வீட்டில் இருக்கிறாள் என்று நான் எழுதியது சரியில்லை. ஏப்ரலில் பத்து நாள் அங்கே இருந்தாள். பிறகு அங்கேயிருந்தும் கிளம்பிவிட்டாள். எங்கே என்று மகள் சொல்ல மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்குக் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாளாம். நல்ல இடத்தில்தான் இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறது, அதுக்கு மேல் கேட்காதீர்கள் என்றாள்.

சரி, ஒருமுறை எனக்குப் போன் போடச் சொல் என்றேன்.

"அம்மாவுக்குப் போன்னாலே இப்பப் பயமுங்கப்பா. அது வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் இருக்கறவங்க என்னென்னமோ பேசிப்போடறாங்க. ரண்டு மூணு தடவ போட்டுப் பாத்துச்சாம்."

எங்கே போட்டுப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் பாவாயிக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் காலும் திரும்பிவிட்டன. வாய் மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டது. பேச்சு இருக்கிறது, ஆனால் முதல் வார்த்தை கிளம்ப நேரம் ஆகும். அறிவில் ஒரு குறையும் இல்லை.

பதினோரு மணிக்குக் கஸ்தூரி டீக்குப் போவாள், முதலாளி ஷெட்டுக்குப் போவார். அப்போது நான் மட்டும் இருப்பேன் என்பது பாவாயிக்குத் தெரியும்.

இந்தத் திரையைச் சரி செய்தே ஆக வேண்டும். நம்பர் கிடைத்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

ஜூன் 12, வியாழன்

எபனேசர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சட்டைப் பையில் நான்கு திருப்புளி. என் மேஜை போனை மாற்றினார். ஒயரை மாற்றினார். பெட்டிக்குள் இருந்த ஒரு அட்டையைக் கழற்றி அழிரப்பரால் துடைத்து மாட்டினார். யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று தன் செல்லிலிருந்து போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அவர் நம்பர் பளிச்சென்று வந்தது. ஐந்து முறை போட்டார், ஐந்து முறையும் சரி.

அவர் வண்டி தெருமுனை தாண்டியிருக்காது. அடுத்த கால் நாமக்கல்காரர், திரையில் எபனேசர் நம்பர்.

அவருக்கே போன் போட்டு, "ஏனுங்க, உங்க நம்பர் எங்க ஊட்டுலயே தங்கிருச்சு, இலை போட்டாச்சு, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன். சிரித்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

டைரியை எடுத்துப் பார்த்தாரா என்று கஸ்தூரி கேட்டாள். கொடுக்கவில்லை என்றேன். இதில் நம்பரைத் தவிர வேறென்னவோ எழுதியிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

11.05. திரையில் குப்பண்ணன். நம்பவில்லை.

நல்லபடியாக "அலோ" என்றேன். மூச்சு. தறிச் சத்தம். "பாவாயியா?" என்றேன். ஒன்றும் வரவில்லை. எனக்குச் சும்மா இருக்கிற வாய் கிடையாது. "பாவாயியா, இல்ல ஊமச்சாமியா?" என்று கேட்டுவிட்டேன்.

வைத்துவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

தறிச் சத்தத்தை வைத்துத் தேடலாம் என்று பள்ளிபாளையம் பஸ் ஏறினேன். அங்கே அவள் சித்தி மகள் இருக்கிறாள். இறங்கினதும் முட்டாள்தனம் புரிந்தது. தெருவெல்லாம் தறி. வீட்டுக்கு வீடு அதே சத்தம். இந்தப் பக்கத்தில் தறி ஓடாத ஊரை அல்லவா தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சித்தி மகள் காப்பி கொடுத்தாள். அக்கா இங்கே வரவில்லை என்றாள். நான் உள்ளே எட்டிப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "வேணும்னா அடுப்படியிலயும் பாத்துட்டு வாங்க மாமா" என்றாள். எப்போதும் நான் ஏதாவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பவள். இன்றைக்கு இரண்டு மூன்று சொல்லிப் பார்த்தேன். டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 18, புதன்

எபனேசர் மறுபடி வந்தார். இந்த முறை பெட்டியைத் தொடவில்லை. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். அரைமணி நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோசியம் பார்ப்பதானால் இடது கையா வலது கையா என்று கேட்டேன். பேசாதீர்கள், வேலையைப் பாருங்கள் என்றார்.

நாலாவது காலில் பிடித்துவிட்டார்.

"ஐயா, எப்பவுமே இப்படித்தான் எடுப்பீங்களா?"

"எப்படி?"

"மணி அடிச்சு முடிக்கறதுக்குள்ள."

எப்போதும் அப்படித்தான். இந்த ஊரில் நூறு ரிக் ஆபீஸ் இருக்கிறது. பயிர் காய்கிறவன் காத்திருக்க மாட்டான், எடுக்கவில்லையென்றால் அடுத்த நம்பருக்குப் போய்விடுவான். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து ஆபீஸில் ஒரே சட்டம், இரண்டாவது மணி அடிக்கக் கூடாது. என் அளவுக்கு வேகமாக எடுக்கிறவன் இந்தத் தெருவிலேயே இல்லை. கஸ்தூரியைச் சோம்பேறி என்று கேலி செய்வதே இதற்காகத்தான், அவள் மூன்று மணி விட்டுத்தான் எடுப்பாள். அவள் திரை மட்டும் பொய் சொன்னதே இல்லை. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

எபனேசர் விளக்கினார். கூப்பிடுகிறவன் நம்பர் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்தான் லைனில் வருமாம். நான் அதற்குள் தூக்கிவிடுவதால் வந்த நம்பர் உள்ளே நுழைய முடியாமல் போகிறது, யாராவது மணி விட்டு எடுத்தபோது கடைசியாக நுழைந்த நம்பரே திரையில் நின்றுவிடுகிறது. பழைய போனில் திரையே கிடையாது, அதனால் தெரியவில்லை. இந்தப் பெட்டி வைத்தது ஏப்ரலில்.

"பெட்டியில ஒண்ணும் இல்லிங்க. லைன்லயும் இல்ல. நீங்க ரண்டு மணி பொறுத்து எடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

கஸ்தூரி நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பு ஷெட் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜூன் 19, வியாழன்

முதலாளி சட்டத்தை மாற்றிவிட்டார். இனிமேல் இரண்டாவது மணி அடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். மணி அடித்தால் கை தானாகப் போகிறது. தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் ஒரு பீடி குடித்துவிடலாம் போல இருக்கிறது.

ஆனால் நம்பர் சரியாக வருகிறது. காலையிலிருந்து பதினெட்டு கால், பதினெட்டும் சரி.

11.05. அடித்தது. கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஒரே மணி. நின்றுவிட்டது. திரையில் புது நம்பர் ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

11.05. ஒரே மணி.

ஜூன் 21, சனி

11.05. ஒரே மணி. திரையில் நம்பர் வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. எபனேசரைக் கூப்பிட்டு, ஒரு மணியிலேயே நம்பர் வருகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அது டெலிபோன் ஆபீஸில் இருந்து வருகிற கணக்கு, நம் கையில் இல்லை என்றார். டெலிபோன் ஆபீஸில், எந்த நம்பரில் இருந்து வந்தது என்று சொல்வீர்களா என்று கேட்டேன். போலீஸ் எழுதிக் கொடுத்தால் சொல்வார்களாம். பெண்டாட்டி என்ன திருடியா?

ஜூன் 23, திங்கள்

நேற்றெல்லாம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். புரிந்துவிட்டது.

முதல் மணியில் எடுத்தால் அது நான். அது அவளுக்குத் தெரியும். முதல் மணியில் எடுக்கவில்லை என்றால் நான் நாற்காலியில் இல்லை, கஸ்தூரியோ முதலாளியோ எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அவர்களிடம் வாய் திணற அவளுக்கு மனமில்லை. அதனால் வைத்துவிடுகிறாள்.

பொறுத்து எடுத்தால் அவள் இருக்க மாட்டாள். உடனே எடுத்தால் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. எபனேசரிடம் இதைச் சொன்னால் எந்தத் திருப்புளியால் சரி செய்வார்?

கஸ்தூரி டீயை என் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெருந்துறை சீருக்கு அவளும் வந்திருந்தாள்.

"பெரியம்மாகிட்ட நானும் மன்னிப்புக் கேக்கோணும் பெரியப்பா. அன்னைக்கு நானுந்தான் சிரிச்சேன்" என்றாள்.

இதைச் சொல்லிவிட்டதால் நானும் எழுதிவிடுகிறேன். மார்ச் கடைசியில் பேத்திக்குச் சீர் வைத்தார்கள். யார் யார் என்ன தட்டு கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். என்னிடம் மைக் கொடுத்தால் தட்டோடு நிறுத்துவேனா? ஒவ்வொருத்தர் மாதிரியும் பேசிக் காட்டினேன். சம்பந்தி நடப்பதை, குப்பண்ணன் குறட்டை விடுவதை. பந்தலே சிரித்தது. இன்னும், இன்னும் என்றார்கள். பாவாயி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதைக் காட்டினேன். வாயை ஒரு பக்கமாக இழுத்து, "சா… சா… சா…" என்றேன். "அவ கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள நான் தின்னு கை கழுவி ஏப்பம் உட்டுருவேனுங்க" என்றேன்.

அன்றைக்கு அதற்குத்தான் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் இருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். அதனால் நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு வரவில்லை. நீங்க போங்க என்று மகள்தான் வந்து சொன்னாள்.

ஜூன் 24, செவ்வாய்

பதினோரு மணிக்கு மட்டும் பழைய மாதிரி முதல் மணியில் எடுக்கிறேன். முதலாளிக்குத் தெரியாது. கஸ்தூரிக்குத் தெரியும், சொல்ல மாட்டாள்.

11.05. அடிக்கவில்லை.

ஜூன் 25

இல்லை.

ஜூன் 26

11.02. பாய்ந்து எடுத்தேன். சேலத்திலிருந்து பைப் விற்கிறவன். அவனிடம் ஒரு கேலியும் செய்யாமல் வேண்டாம் என்று வைத்தேன். எடுத்த வேகத்தில் டீ கொட்டி இந்தப் பக்கம் நனைந்துவிட்டது.

ஜூன் 28, சனி

இல்லை. மூன்று முறை ஒரே மணியில் நின்றபோது அவள் என்ன நினைத்திருப்பாள்? வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றா? படுத்துவிட்டேன் என்றா? இல்லை, அவள் என்று தெரிந்தே எடுக்காமல் இருக்கிறேன் என்றா? மகளிடம் கேட்டேன், நான் நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல் என்று. சொல்கிறேன் என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

11.05. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டேன். திரையில் ஆத்தூர்காரர் ஒருவர் நம்பர். அவர் இல்லை.

கம்பெனி பேர் சொல்லவில்லை. அலோகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அதனால் திறக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. தறி ஓடியது. சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் சுற்று போயிற்று. ஒரு எழுத்து கேட்டது. நின்றது. மறுபடி அதே எழுத்து. என்ன வார்த்தை என்று தெரிந்துவிட்டது. நாற்பத்து நாலு வருடம் கேட்ட வார்த்தை. நானே சொல்லி முடித்துவிடலாம் போல இருந்தது. வீட்டில் அப்படித்தான் செய்வேன், அவள் தொடங்குவாள், நான் முடிப்பேன், அதுவும் ஒரு வேடிக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஏனுங்க" என்றாள்.

"சொல்லு" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கஸ்தூரி டீ குடித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள், அப்படியே வெளியே திரும்பிப் போனாள். மற்ற போன்கள் அடித்தன, ஓய்ந்தன. ஷெட்டிலிருந்து முதலாளி இரண்டு முறை கூப்பிட்டார். பாவாயி பேசினாள். பதினோரு நிமிடம் ஆனது. மொத்தம் அவள் சொன்னது நாலு பேச்சு.

கையும் காலும் நன்றாக இருக்கிறது என்றாள். எங்கே இருக்கிறேன் என்று கேட்க வேண்டாம் என்றாள். பரணில் இருக்கிற பெட்டியில் அவளுடைய நூல் சேலை இரண்டு இருக்கிறது, மகளிடம் கொடுத்துவிடச் சொன்னாள். நாலாவதுக்குத்தான் அதிக நேரம் ஆனது. பாதியில் இரண்டு முறை விட்டுவிட்டாள். விட்ட இடத்தில் இருந்தே மறுபடி பிடித்தாள்.

"அன்னைக்கு எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சனுங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது ஒன்று. அது கேலி. அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. அதைக் கடித்து விழுங்கினேன். இன்னொன்று வந்தது, அதுவும் கேலி. அதையும் விழுங்கினேன். அதற்குப் பிறகு தேடிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அறுபத்தெட்டு வயது வரைக்கும் நான் அவளிடம் பேசினது எல்லாம் அந்த ஒரே பேச்சுதான் போல. தப்பு என் மேல்தான் என்று சொல்லலாம். அந்த வார்த்தையில் முதல் எழுத்துகூட வெளியே வரவில்லை.

சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. நொடி முள் ஒரு சுற்று முழுதாகப் போயிற்று, இன்னொரு சுற்றும் போயிற்று. நான் ஒருநாளும் அவளுக்குக் கொடுக்காத நேரம் அது. தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு, மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள்.